மலத்தில் ஈஸ்ட் தெரிந்தால் அது நோயா?

வாசகர் கேள்வி:

எங்கள் வீட்டு நாய் ஜிம்மிக்கு நான்கு வயது. ஆண், காக்கர் ஸ்பேனியல். மூன்று மாதங்களாக மலம் இளகிப் போகிறது; நடுவில் ஒரு வாரம் சரியாகிவிடும், பிறகு மறுபடியும் அதே கதை. இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம். கொடுக்கும்வரை நன்றாக இருந்தது, நிறுத்தியதும் திரும்பிவிட்டது. சாப்பாடும் விளையாட்டும் வழக்கம்போலத்தான், எடையும் குறையவில்லை. ஆனால் ஓயாமல் பாதங்களை நக்குகிறது, காதிலிருந்து புளித்த வாடை வருகிறது. போன வாரம், முதல் நாள் இரவு எடுத்து வைத்த மலத்தை மறுநாள் மதியம் ஆய்வகத்தில் கொடுத்தோம். ‘ஈஸ்ட் செல்கள் அதிகம்’ என்று முடிவு வந்தது. குடலில் ஈஸ்ட் பெருகி உடல் முழுவதும் பரவிவிட்டது, அதுதான் காதிலும் பாதத்திலும் வெளிப்படுகிறது, தானியத்தை அடியோடு நிறுத்திவிட்டு ஒரு மாதம் பூஞ்சைக்கொல்லி மாத்திரை கொடுங்கள் என்கிறார் நண்பர் ஒருவர். முடி பளபளப்பாக இருக்கட்டும் என்று ஒரு வருடமாக ப்ரூவர்ஸ் ஈஸ்ட் மாத்திரை கொடுத்து வந்தோம். நாங்களே நோயை ஊட்டிவிட்டோமோ என்று மனம் குத்துகிறது. எச்சிலை அனுப்பிச் செய்யும் ஈஸ்ட் சோதனை இருக்கிறதாம். அதைச் செய்து பார்க்கலாமா?

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் உங்கள் மனக்குத்தலைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் நோயை ஊட்டவில்லை. ப்ரூவர்ஸ் ஈஸ்ட் மாத்திரையில் இருப்பது உலர்த்திச் செயலிழக்கச் செய்யப்பட்ட ஈஸ்ட். அது குடலில் முளைத்துப் பெருகாது. அடுத்து, அவசரமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இந்த ஒரு மலப் பரிசோதனை முடிவை மட்டும் வைத்துக்கொண்டு பூஞ்சைக்கொல்லி மாத்திரையைத் தொடங்க வேண்டாம். நீங்கள் விவரமாக எழுதியிருப்பதால், அந்த முடிவை எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்கான தடயங்கள் உங்கள் கடிதத்திலேயே கிடைக்கின்றன. மலம் எடுத்த நேரம், ஈஸ்ட் மாத்திரை, இரண்டு முறை கொடுத்த ஆன்டிபயாட்டிக் ஆகிய மூன்றையும் நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த மூன்றும்தான் முக்கியம்.

ஈஸ்ட் என்பது ஓர் உயிரினத்தின் பெயரன்று. ஒற்றைச் செல்லாக வாழ்ந்து, பெரும்பாலும் மொட்டு விட்டுப் பெருகும் பூஞ்சைகள் அனைத்துக்கும் பொதுவான பெயர் அது. நாயின் தோலிலும் காதிலும் தொல்லை கொடுக்கும் ஈஸ்ட், ஏறக்குறைய எல்லா நேர்வுகளிலும், மலசீசியா பேக்கிடெர்மாட்டிஸ் என்ற இனம்தான். 1925-இல் தோல் உரியும் நோய் கண்டிருந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தின் தோலிலிருந்து முதன்முதலில் விவரிக்கப்பட்டதால், தடித்த தோல் விலங்கைக் குறிக்கும் அந்தப் பெயர் அதற்கு அமைந்தது. இதன் வாழ்க்கைமுறையைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மலசீசியா வகை ஈஸ்ட்டுகளுக்குத் தமக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தாமே தயாரித்துக்கொள்ளும் திறன் கிடையாது. அதனால் அவை தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையையும் காதின் மெழுகையும் நம்பி வாழ்கின்றன. குடலில் காணப்படும் ஈஸ்ட்டுகள் வேறு. கேண்டிடா இனங்கள் ஆரோக்கியமான நாய்களின் வாயிலும் குடலிலும்கூடச் சிறு எண்ணிக்கையில் இருக்கின்றன. ரொட்டியையும் மதுவையும் புளிக்க வைக்கும் சாக்கரோமைசிஸ், உணவோடு உள்ளே போய் மலத்தோடு வெளியே வருகிறது. ஆகவே குடலில் பெருகிய ஈஸ்ட் இரத்தத்தின் வழியாகப் பயணம் செய்து பாதத்திலும் காதிலும் வந்து முளைக்கிறது என்ற விளக்கம் பொருந்தாது. இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் ஒரே உயிரினமன்று. சொல்லப்போனால் பயணம் எதிர்த்திசையில் நடக்கவே வாய்ப்பு அதிகம்: பாதத்தை நாள் முழுவதும் நக்கும் நாய், அங்கே வாழும் ஈஸ்ட்டையும் சேர்த்து விழுங்கத்தான் செய்யும்.

இனி உங்கள் கையில் இருக்கும் முடிவைப் பார்ப்போம். மலத்தின் துளியை ஸ்லைடில் பரப்பி நுண்ணோக்கியில் பார்க்கும்போது, முட்டை வடிவத்தில், சில மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளத்தில், சிலவற்றில் ஒரு சிறு மொட்டு ஒட்டிக்கொண்டு நிற்கும் செல்கள் தெரிந்தால் ‘ஈஸ்ட்’ என்று எழுதுவார்கள். அவர்கள் எழுதியதில் தவறில்லை. ஆனால் அந்தச் செல் உயிரோடு இருந்ததா, குடலில் வாழ்ந்ததா, வெறுமனே கடந்து போனதா, அல்லது மலம் வெளியே வந்த பிறகு பெருகியதா என்பதை அந்த ஸ்லைடால் சொல்ல முடியாது. செயலிழந்த ஈஸ்ட்டின் செல் சுவர் உறுதியானது. செரிமானத்தில் முழுவதும் கரைந்துபோகாமல் உருவம் மாறாது வெளியேறக்கூடியது. ஆக, ஒரு வருடமாக நீங்கள் கொடுத்த மாத்திரையே அந்த ஸ்லைடில் தெரிந்திருக்கலாம். இரவு எடுத்த மலம் மறுநாள் மதியம்வரை காத்திருந்திருக்கிறது. அது குளிர்பதனப் பெட்டியில் இல்லாமல் வெளியே இருந்திருந்தால், அதில் உயிரோடு இருந்த ஈஸ்ட் அத்தனை மணி நேரமும் பெருகியிருக்கும். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் குறைக்கும், ஈஸ்ட்டைத் தொடாது. எனவே அந்த மருந்துகளுக்குப் பிறகு மலத்தில் ஈஸ்ட் கூடுதலாகத் தெரிவது எதிர்பார்க்கக்கூடியதே. மூன்று காரணங்களும் ஒரே மலத்தில் சேர்ந்திருக்கும்போது, ‘அதிகம்’ என்ற சொல்லுக்கு நான் நோய் என்ற பொருளைக் கொடுக்க மாட்டேன்.

இங்கே இன்னொரு ஈஸ்ட்டையும் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் ஆய்வக முடிவுகளில் அடிக்கடி குழப்பத்தை ஏற்படுத்துவது இதுதான். சைனிக்ளோமைசிஸ் கட்டுலேட்டஸ் என்பது முயலின் இரைப்பையில் இயல்பாகவே வாழும் ஈஸ்ட். நாய் மலத்திலும் இது தெரிவதுண்டு. மற்ற ஈஸ்ட்டுகளைவிட நன்றாகப் பெரியது, நீண்ட உருளை வடிவம் கொண்டது, பெரும்பாலும் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு முறை பார்த்தவர்களுக்கு மறக்காது. முயல் புழுக்கையைத் தின்ற நாயிடம் இது காணப்பட்டால் வியப்பில்லை. வயிற்றுப்போக்கு உள்ள நாய்களிடமும் இருக்கிறது, எந்தத் தொல்லையும் இல்லாத நாய்களிடமும் இருக்கிறது. அதனால் வயிற்றுப்போக்குக்கான மற்றக் காரணங்களைத் தேடி முடித்த பிறகே இதன்மேல் பழி சுமத்த வேண்டும். வேறொரு பிழைக்கும் இடமுண்டு. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியின் கூட்டுப்புழுபோல் உறைக்குள் ஓய்ந்திருக்கும் வடிவத்தை ஈஸ்ட் என்றும், ஈஸ்ட்டை ஜியார்டியா என்றும் மாற்றிப் படிப்பது அனுபவம் குறைந்த கண்ணுக்கு எளிதில் நேரும். ஜியார்டியாவின் அந்த வடிவம் ஈஸ்ட்டைவிடப் பெரியது, ஏறக்குறைய 8 முதல் 12 மைக்ரான் வரை நீளம், உள்ளே உட்கருக்களும் இழைகளும் தெரியும். ஆகவே ஈஸ்ட் என்று எழுதியிருக்கும் இடத்தில் ஜியார்டியா இருந்திருக்குமோ என்ற கேள்வியை உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

உண்மையான குடல் ஈஸ்ட் நோய் இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் அரிது. கேண்டிடா, எதிர்ப்பாற்றல் குலைந்த உடலில்தான் அத்துமீறும். நீண்ட காலம் ஸ்டீராய்டோ எதிர்ப்பாற்றலை அடக்கும் வேறு மருந்தோ எடுக்கும் நாய், புற்றுநோய்க்கு மருந்து பெறும் நாய், கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ள நாய், பார்வோ வைரஸால் குடல் உட்சுவர் அழிந்த குட்டி, குடலில் ஓட்டை விழுந்து அறுவை சிகிச்சைக்கு உள்ளான நாய் ஆகியவைதான் கவலைக்குரியவை. இவற்றிலும்கூட மலத்தில் ஈஸ்ட் தெரிந்ததை வைத்து நோயை முடிவு செய்வதில்லை. எண்டோஸ்கோபி வழியாகவோ அறுவை சிகிச்சையிலோ குடல் சுவரின் சிறு துண்டை எடுத்து, பூஞ்சையைக் காட்டும் சிறப்புச் சாயமேற்றிப் பார்க்கும்போது, ஈஸ்ட் மேற்பரப்பில் உட்கார்ந்திருக்காமல் இழைகளாக நீண்டு திசுவுக்குள் ஊடுருவியிருப்பதும், அதைச் சுற்றி அழற்சி இருப்பதும் தெரிய வேண்டும். வயிற்றறையில் சேர்ந்த நீரிலோ, இரத்தத்திலோ, முறையாக ஊசி வழி எடுத்த சிறுநீரிலோ கேண்டிடா கிடைத்தால் அதுவும் பொருட்படுத்த வேண்டிய செய்தி, ஏனெனில் அந்த இடங்களில் அது இருக்கவே கூடாது. குடலில் அது இருக்கலாம். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் ஆய்வக முடிவு எதுவும் உங்களைப் பதற வைக்காது. நன்றாகச் சாப்பிட்டு, விளையாடி, எடை குறையாமல் இருக்கும் ஜிம்மி நான் மேலே சொன்ன கூட்டத்தில் சேரவில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு நாயை என்னிடம் கொண்டு வந்தார்கள். இரண்டு வயது. எந்நேரமும் பசி, ஆனால் விலா எலும்பை எண்ணிவிடலாம். மலம் குவியல் குவியலாக, வெளிறி, எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது. ஸ்லைடில் பார்த்தேன், எங்கு நோக்கினும் ஈஸ்ட். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற நிம்மதியில் பூஞ்சைக்கொல்லி எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வந்தபோது அந்த நாய் மேலும் இளைத்திருந்தது. அதன் கணையம் செரிமான நொதிகளைச் சுரக்கவில்லை என்பது டி.எல்.ஐ. என்ற இரத்தப் பரிசோதனையில் பிறகுதான் தெரிந்தது. செரிக்காத மாவும் கொழுப்பும் குடலில் தேங்கிக் கிடந்ததால் ஈஸ்ட் அங்கே விருந்தாளியாக வந்திருந்தது. நான் விருந்தாளியை விரட்டிக்கொண்டிருந்தேன். நொதித்தூளை ஒவ்வொரு வேளை உணவிலும் கலந்து கொடுக்கத் தொடங்கியதும், எந்தப் பூஞ்சைக்கொல்லியும் இல்லாமலே மலம் கட்டியானது, ஈஸ்ட்டும் குறைந்தது. அந்த நாய் இழந்த மூன்று வாரங்கள் இன்றும் என் நினைவில் இருக்கின்றன. ஈஸ்ட் என்ற விடை கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடுவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

அப்படியானால் ஜிம்மியின் வயிற்றை எப்படி ஆராய்வது? ஈஸ்ட் மாத்திரையை இன்றே நிறுத்திவிடுங்கள். பத்து நாட்கள் கழித்து, அன்று காலையில் போன புதிய மலத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள். முடியாவிட்டால் இறுக மூடிய டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் கொண்டு போங்கள், உறைய வைக்க வேண்டாம். ஜியார்டியா ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை என்பதால், வெவ்வேறு நாட்களில் எடுத்த மூன்று மலங்களைப் பார்ப்பதும், அந்த ஒட்டுண்ணியின் புரதத்தை மலத்தில் கண்டறியும் ஆன்டிஜென் சோதனையைச் சேர்த்துச் செய்வதும் நல்லது. மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கை நாள்பட்டது என்றே கணக்கில் கொள்கிறோம். எனவே முழு இரத்தப் பரிசோதனை, வைட்டமின் பி12 அளவு, டி.எல்.ஐ., அட்ரினல் சுரப்பியின் குறைபாட்டை விலக்க ஒரு கார்டிசோல் அளவு, வயிற்று ஸ்கேன் ஆகியவற்றை உங்கள் மருத்துவர் படிப்படியாகக் கேட்கக்கூடும். எல்லாம் ஒரே நாளில் தேவைப்படாது.

மூன்றாவது முறை ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்பது என் கருத்து. காய்ச்சலோ இரத்தப் போக்கோ இல்லாத நிலையில் அதற்கு நியாயமில்லை. கொடுக்கும்வரை நன்றாக இருந்து நிறுத்தியதும் திரும்பியது என்று நீங்கள் எழுதியிருப்பதை, மருந்து வேலை செய்தது என்று படிக்காமல், காரணம் தொடப்படவில்லை என்று படிக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெட்ரோனிடசோல், குடலில் பித்த அமிலங்களை மாற்றியமைக்கும் நல்ல பாக்டீரியாவைக் கடுமையாகக் குறைக்கிறது. அந்த இழப்பு மருந்தை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் நீடிக்கிறது. பித்த அமிலங்களின் சமநிலை குலைந்தாலே மலம் இளகும். நாயின் குடலில் வாழும் நுண்ணுயிர்களில் மிகப் பெரும்பான்மை பாக்டீரியாக்கள். பூஞ்சைகளின் பங்கு மிகச் சிறியது. குடல் நுண்ணுயிர்ச் சமநிலையை அறிய வேண்டுமென்றால், குறிப்பிட்ட பாக்டீரியாக் குழுக்களின் மரபணுவை மலத்தில் அளந்து ஒற்றை எண்ணாகத் தரும் குறியீட்டுச் சோதனை இருக்கிறது. ஈஸ்ட்டை எண்ணுவதைவிட அது பயனுள்ளது. இதில் இன்னொரு செய்தியும் உண்டு. சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற உயிருள்ள ஈஸ்ட்டை வயிற்றுப்போக்குள்ள நாய்களுக்கு நாங்களே நலநுண்ணுயிராகக் கொடுக்கிறோம். அதைப் பெறும் நாயின் மலத்தில் ஈஸ்ட் நிச்சயம் தெரியும், அது நோயாகாது.

இப்போது காதுக்கும் பாதத்துக்கும் வருகிறேன். ஈஸ்ட் உண்மையாகவே தொல்லை கொடுத்துக்கொண்டிருக்கக்கூடிய இடம் இதுதான். தொங்கும் காதும், காதுக் குழாயில் அடர்ந்த சுரப்பிகளும் கொண்ட காக்கர் ஸ்பேனியல் இனத்துக்கு இந்தப் பாடு அதிகம். பழுப்பு நிற மெழுகு, புளித்த அல்லது சிக்குப் பிடித்த வாடை, விரல் இடுக்கில் சிவப்பு, எச்சிலால் செம்பழுப்பாக நிறம் மாறிய முடி, நகத்தின் அடியில் பழுப்புக் கறை, நாட்பட்டால் யானைத் தோல்போல் தடித்துக் கறுத்த தோல் ஆகியவற்றைப் பார்த்தால் மலசீசியாவைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் சந்தேகிக்க மட்டுமே வேண்டும், முடிவு செய்துவிடக் கூடாது. இதே வாடையும் சிவப்பும் பாக்டீரியாவாலும் வரும், இரண்டும் சேர்ந்தும் வரும், உண்ணியினத்தைச் சேர்ந்த நுண்சிலந்திகளாலும் வரும். வாடையை முகர்ந்து நோயைச் சொல்லும் மூக்கு எவருக்கும் இல்லை.

உறுதி செய்யும் முறை எளிது, உங்கள் கண்ணெதிரிலேயே செய்யக்கூடியது. விரல் இடுக்கை விரித்து, ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவின் பசைப் பக்கத்தை அங்கே நான்கைந்து முறை அழுத்தி எடுக்கிறோம். காதுக்குப் பஞ்சுக் குச்சி. அதை ஸ்லைடில் மெல்ல உருட்டுகிறோம், ஒவ்வொரு காதுக்கும் தனித்தனி. சாயமேற்ற ஒரு நிமிடம், காய ஒரு நிமிடம். பிறகு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஆயிரம் மடங்கு பெருக்கத்தில் பார்த்தால், உதிர்ந்த தோல் செல்கள் வெளிர்நீலத் தாள்களைப்போல் விரிந்து கிடக்க, அவற்றின்மேல் ஊதா நிறத்தில், நடுவில் இடுப்புச் சிறுத்த நிலக்கடலை வடிவத்தில், மணலில் பதிந்த காலடித் தடங்களைப்போல் மலசீசியா ஒட்டிக்கொண்டிருக்கும். மொட்டு ஒரு முனையில் மட்டும், அகன்ற அடியோடு கிளம்பும். வாய்ப்பிருந்தால் நீங்களும் ஒரு முறை குனிந்து பாருங்கள். உங்கள் நாயின் அரிப்புக்கு முகம் ஒன்று கிடைத்துவிடும்.

எத்தனை இருந்தால் நோய் என்று கேட்பீர்கள். எல்லா நாய்க்கும் பொருந்தும் அறுதியான எண் கிடையாது. இனத்துக்கு இனம், உடலின் இடத்துக்கு இடம் அது மாறுகிறது. ஆரோக்கியமான நாயின் தோலிலும் காதிலும் மலசீசியா சிறிதளவு வாழ்கிறது. சில நாய்களுக்கு அந்த ஈஸ்ட்டின் புரதத்துக்கே ஒவ்வாமை உண்டு. அவற்றுக்கு ஒரு சில செல்களே தாங்க முடியாத அரிப்பைக் கொடுத்துவிடும். அதனால்தான் தோல் மருத்துவர்கள், நோய்க்குறி இருக்க வேண்டும், ஸ்லைடில் ஈஸ்ட் தெரிய வேண்டும், ஈஸ்ட்டுக்கான சிகிச்சையில் நோய்க்குறி தணிய வேண்டும் என்று மூன்றையும் சேர்த்தே மலசீசியா தோல் அழற்சி என்று முடிவு செய்கிறார்கள். வளர்ப்புச் சோதனை இதற்குப் பெரும்பாலும் தேவையில்லை; இயல்பாகவே அங்கே வாழும் ஒன்றை வளர்த்தால் அது வளரத்தான் செய்யும். சிகிச்சைக்குக் கட்டுப்படாத நாய்களில், மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டதா என்று பார்க்க அது பயன்படும்.

ஈஸ்ட் இருப்பது உறுதியானால், தோலுக்கு முதல் மருந்து மாத்திரையன்று, குளியல். 2 சதவீதம் குளோர்ஹெக்சிடினும் 2 சதவீதம் மைக்கோனசோலும் சேர்ந்த ஷாம்புவை வாரம் இரு முறை, குறைந்தது மூன்று வாரம் பயன்படுத்துவதற்குத்தான் உறுதியான சான்று இருக்கிறது. நுரையைத் தேய்த்தவுடன் கழுவிவிடக் கூடாது. கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் ஊற விட வேண்டும். பலருக்கு இந்த ஷாம்பு வேலை செய்யவில்லை என்று தோன்றுவதற்குக் காரணம், அந்தப் பத்து நிமிடம் இரண்டாகிவிடுவதுதான். காதுக்குள் எதையும் ஊற்றுவதற்கு முன் செவிப்பறை முழுமையாக இருக்கிறதா என்று மருத்துவர் கருவி வைத்துப் பார்க்க வேண்டும். கீடோகோனசோல், இட்ராகோனசோல் மாத்திரைகள், பரவலாகவும் கடுமையாகவும் இருக்கும் நாய்க்கும் குளிப்பாட்ட முடியாத நாய்க்கும் உரியவை. அவை வாந்தியையும் பசியின்மையையும் கொடுக்கலாம், கல்லீரலைப் பாதிக்கலாம். கீடோகோனசோலைப் பொறுத்தவரை, ஒட்டுண்ணிக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் உள்ளிட்ட பல மருந்துகளின் அளவை உடலில் ஏற்றிவிடும் குணமும் அதற்கு உண்டு. இரத்தப் பரிசோதனை இல்லாமல், நண்பரின் சொல்லைக் கேட்டு, ஒரு மாதம் கொடுக்கக்கூடிய மருந்துகள் அல்ல இவை.

இத்தனையும் செய்து ஈஸ்ட் குறைந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும்: அது ஏன் பெருகியது? தோலின் காவலில் ஏதோ ஓர் ஓட்டை விழுந்தால்தான் மலசீசியா பெருகும். அந்த ஓட்டை பெரும்பாலும் ஒவ்வாமை. வயதான நாய்களில் தைராய்டு குறைவு அல்லது அட்ரினல் சுரப்பியின் மிகைச் செயல்பாடு. ஜிம்மியின் வயதையும், வயிறும் தோலும் ஒரே காலத்தில் கெட்டிருப்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, நான் முதலில் சந்தேகிப்பது உணவு ஒவ்வாமையை. உணவில் உள்ள ஒரு புரதத்தை உடல் ஏற்காதபோது குடலில் இளகிய மலமாகவும், தோலில் அரிப்பாகவும், நக்கி ஈரமான பாதத்திலும் வீங்கிய காதிலும் ஈஸ்ட் பெருக்கமாகவும் அது வெளிப்படலாம். உங்கள் நண்பர் வயிற்றையும் தோலையும் இணைத்துப் பார்த்தது சரி; இணைக்கும் கயிறு ஈஸ்ட் என்று நினைத்ததுதான் பிழை.

உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இரத்தமோ எச்சிலோ எடுத்துச் செய்யும் சோதனை எதையும் நம்ப முடியாது. முடியையும் எச்சிலையும் வைத்து ஒவ்வாமையைச் சொல்வதாக விற்கப்படும் ஒரு சோதனைக்கு, செயற்கை முடியையும் வெறும் உப்புநீரையும் நாயின் மாதிரிகளோடு சேர்த்து அனுப்பிப் பார்த்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. உயிரில்லாத அந்த மாதிரிகளுக்கும் ஒவ்வாமை இருப்பதாகவே முடிவு வந்தது. நீங்கள் கேட்ட எச்சில் ஈஸ்ட் சோதனையிலும் நான் பணத்தைச் செலவிட மாட்டேன்: வாயில் ஈஸ்ட் இருப்பதாக அது சரியாகவே சொன்னாலும், இயல்பான ஒன்றைத்தான் சொல்லியிருக்கும்.

நம்பத்தக்க வழி உணவு விலக்குச் சோதனை ஒன்றுதான். ஜிம்மி இதுவரை தின்றிராத ஒரே ஒரு புரதத்தாலான உணவையோ, புரதத்தை மிக நுண்ணிய துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவையோ மட்டும் கொடுக்க வேண்டும். வயிற்றுக்கு இரண்டு வாரத்தில் பலன் தெரியத் தொடங்கும். தோலுக்கு எட்டு வாரம் பொறுக்க வேண்டும். அதுவரை வேறு தின்பண்டமோ, மேசையிலிருந்து விழும் துணுக்கோ, சுவையூட்டிய மாத்திரையோ கூடாது. ஈஸ்ட் மாத்திரையும் இந்தக் கணக்கில் சேரும், அதை நிறுத்தச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். தேறிய பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். நோய்க்குறிகள் திரும்பினால்தான் ஒவ்வாமை உறுதியாகும். தானியத்தை மட்டும் நிறுத்துவது இந்தச் சோதனைக்கு ஈடாகாது. நாய்களில் உணவு ஒவ்வாமையைத் தூண்டுவதாக அதிகம் பதிவாகியிருப்பவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை ஆகியவை. தானியத்தை நிறுத்திக் கோழியைக் கூட்டினால் நிலைமை மோசமாகவும் கூடும். மாவுச்சத்து சர்க்கரையாகி ஈஸ்ட்டை வளர்க்கிறது என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை: காதில் வாழும் மலசீசியா எண்ணெயைத் தின்பது, அதைப் பட்டினி போட உணவுத்தட்டில் வழியில்லை.

வீட்டு வைத்தியங்களில் இரண்டைத் தவிர்க்கச் சொல்வேன். தேயிலை மர எண்ணெய் நாய்க்கு நஞ்சு. நக்கி விழுங்கினாலும் தோல் வழி ஏறினாலும் தள்ளாட்டமும் நடுக்கமும் வரும். வினிகர் புண்ணான காதில் தீயாய் எரியும், செவிப்பறை கிழிந்திருந்தால் உள்காதுவரை சேதம் செய்யும். அரிப்பு கூடினால் அது ஈஸ்ட் செத்து மடிவதன் அறிகுறி, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் பொறுக்காதீர்கள். மருந்து தொடங்கிய பின் மோசமாகும் நாயை மருத்துவர் அன்றே பார்க்க வேண்டும்.

ஈஸ்ட்டால் நாய்க்கு மெய்யான அவசர ஆபத்து வரும் இடம் ஒன்று உண்டு. ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து பொங்க வைத்திருக்கும் பச்சை ரொட்டி மாவை நாய் விழுங்கிவிட்டால், இரைப்பையின் வெதுவெதுப்பில் அது மேலும் பொங்கி வயிற்றை ஊதச் செய்வதோடு, அதில் உருவாகும் மதுச்சாரம் இரத்தத்தில் ஏறித் தள்ளாட்டம், மயக்கம்வரை கொண்டுபோகும். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மருத்துவரிடம் போகும் நாளுக்கு முன்பான ஐந்து நாட்கள் ஜிம்மியைக் குளிப்பாட்ட வேண்டாம், கடைசி இரண்டு நாட்கள் காதைத் துடைக்க வேண்டாம். மாதிரி எடுக்க அங்கே ஏதாவது இருக்க வேண்டும். இரண்டு முறையும் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கின் பெயரும் தேதியும், மூன்று மாதத்தில் மலம் இளகிய நாட்களும், இப்போது தின்பது அனைத்தும், ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மலத்தில் இரத்தம், நிற்காத வாந்தி, சாப்பிட மறுத்தல், எடை இறக்கம், தலையை ஒரு பக்கம் சாய்த்து நடத்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் குறித்த நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே கூட்டிப் போங்கள். விரல் இடுக்கிலும் இரு காதிலும் எடுத்த ஸ்லைடுகளின் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுக் காதுக்கான மருந்தைப் பற்றிப் பேசுவோம்.